ஆர்.சி. புக் இல்லாத போட்டோஷாப்

நாமக்கல்லில் ஒருவர் பழைய லாரி வாங்கப் போனால், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைத்தான் கேட்பார். எஃப்.சி. எந்த மாதம் முடிகிறது, நேஷனல் பர்மிட் நடப்பில் இருக்கிறதா, இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறதா, ஃபைனான்ஸ் டியூ முடிந்து என்.ஓ.சி. கைக்கு வந்துவிட்டதா என்று வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் டயரைத் தட்டிப் பார்க்கவே இறங்குவார். காகிதம் சரியில்லாத வண்டி என்ன பாடு படுத்தும் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

அதே மனிதர் மகனுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்துக் கொடுக்கிறார். கம்ப்யூட்டர் வாங்கச் சேலத்துக்குப் போகிறார். பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, மானிட்டருக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்று துருவித் துருவிக் கேட்கிறார். பில் போடும் நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார்: “எல்லா சாஃப்ட்வேரும் போட்டுக் குடுத்துருங்க தம்பி.” கடைக்காரர் தலையாட்டுகிறார். அந்த ‘எல்லா’வுக்குள் விண்டோஸ், போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர், நூற்றுக்கணக்கான தமிழ் ஃபான்ட்டுகள், டிவிடி டிவிடியாக ஆல்பம் டிசைன்கள் எல்லாம் அடக்கம். எதற்கும் காகிதம் கிடையாது. கேட்பாரும் கிடையாது.

அவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கே போட்டோஷாப் வந்து சேர்ந்தது, மேலே மார்க்கர் பேனாவால் ‘7.0’ என்று எழுதிய ஒரு சிடியில்தான். 2002இல் வெளியான அந்தப் பதிப்பு, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் ஏதாவதொரு மூலைக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இளைத்துப்போன பழைய கணினியிலும் ஓடும், ஒரு சிடிக்குள் அடங்கும், நெட் கேட்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகப்பருவையும் தழும்பையும் பக்கத்துத் தோலின் நிறத்தோடு குழைத்து மறைக்கும் ஹீலிங் பிரஷ் அந்தப் பதிப்பில்தான் முதன்முதலாக வந்தது. ஸ்டூடியோக்காரருக்கு வேறென்ன வேண்டும்? திறக்கும்போது ஓடும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்று நம்மூர்ப் பெயர் ஒன்றைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டதுண்டு. அந்த ஆளின் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

டச்சிங் என்ற வேலை கணினியோடு வந்ததல்ல. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் அதற்கென்றே ஒருவர் இருப்பார். சாய்வான மேசையில் பதித்த கண்ணாடி, அடியில் விளக்கு, மேலே நெகடிவ். உப்புத்தாளில் ஊசிபோல் தீட்டிய பென்சிலால் நெகடிவின் மீது புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வருவார். முகத்தில் கருப்பாகத் தெரியும் சுருக்கமும் குழியும் நெகடிவில் வெளுத்த இடங்களாக இருக்கும். அங்கே பென்சில் கரி ஏற ஏற, பிரிண்ட்டில் அந்த இடம் வெளுத்து மறைந்துவிடும். அப்படி ஒரு பெரியவரிடம் சிறுவயதில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். பருவை எடுக்கலாம், அம்மைத் தழும்பைக் குறைக்கலாம், மச்சத்தை மட்டும் தொடக்கூடாது என்பது அவர் கணக்கு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற அங்க அடையாளத்தை அழிக்க நாம் யார் என்பார்.

பக்கத்து மோகனூரில் 1888இல் பிறந்த வெ. ராமலிங்கம் பிள்ளையைக் கவிஞராகத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அவர் உருவப்படம் வரைந்து சம்பாதித்த ஓவியரும்கூட. அவருக்குத் தூரிகையும் சாயமும் யாரும் சும்மா ‘போட்டுக் கொடுத்திருக்க’ மாட்டார்கள். கருவிக்குக் காசு கொடுப்பது தொழிலின் முதல் செலவு என்பதில் பென்சில்காரருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் லட்சங்களில் இன்றும் கொடுக்கத்தான் செய்கிறோம். கையில் தொட முடியாத பொருளுக்கு வரும்போது மட்டும் கை இழுத்துக்கொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் என்பது இலக்கியப் படைப்பு. நாவலுக்கும் போட்டோஷாப்புக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரே இடம். 63பி என்ற பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்று நிரூபித்தால் சிறையைத் தவிர்த்து 50,000க்குள் அபராதத்தோடு விட்டுவிட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. வீட்டில் விளையாடும் பையனுக்கு அந்தச் சலுகை. கடைவாசலில் போர்டு வைத்து, கல்யாண ஆல்பத்துக்கு அட்வான்ஸ் வாங்கும் ஸ்டூடியோவுக்குக் கிடையாது.

இதே தமிழ்நாடு 2004இல் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சினிமாவுக்குக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. மென்பொருளுக்கு இல்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, 2017இல் இந்தியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 விழுக்காடு உரிமம் இல்லாதது. கணக்கெடுத்தவர்கள் விற்பவர்களே என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். நம்மூர் ஸ்டூடியோக்களை மட்டும் எடுத்து எண்ணியிருந்தால் கூட்ட வேண்டியிருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தான் எடுத்த மணப்பெண் படத்தை இன்னொரு ஸ்டூடியோ தன் விளம்பரத்தில் போட்டுக்கொண்டது என்று சண்டைக்குப் போகும் புகைப்படக்காரர்கள் உண்டு. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்தால் தலைசுற்றும். ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது பெண் வீட்டார். படத்தின் மூலையில் லோகோ போடுவதால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது. கிராக் போட்ட மென்பொருளில், வாடிக்கையாளருக்குச் சொந்தமான படத்தின் மேல், யாரோ டிசைன் செய்த டெம்ப்ளேட்டில், உரிமம் இல்லாத ஃபான்ட்டில் நம் பெயரைப் போட்டுவிட்டு, திருடிவிட்டார்கள் என்று நாம் கத்துகிறோம்.

தவறு ஒரு பக்கம் மட்டும் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் எழுதிய நிரலை அடோபி நிறுவனம் 1990இல் போட்டோஷாப் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை ஒருமுறை காசு கொடுத்து வாங்கலாம், வாங்கினால் உங்களுடையது. விலைதான் இந்தியச் சிற்றூருக்கு எட்டாத உயரம். 2013 மே மாதம் அடோபி அந்தக் கதவையும் மூடுவதாக அறிவித்தது. 2012இல் வந்த சி.எஸ்.6தான் சொந்தமாக வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு. அதன் பிறகு எல்லாம் சந்தா, அதாவது வாடகை.

டியூ கட்டுவது நாமக்கல்லுக்குப் புதிதல்ல. நாலு வருஷம் டியூ கட்டினால் ஐந்தாம் வருஷம் லாரி நம்முடையது. இந்த டியூவுக்கு முடிவே கிடையாது. பத்து வருஷம் கட்டிவிட்டுப் பதினோராம் வருஷம் நிறுத்தினால் கையில் மிஞ்சுவது, போட்டோஷாப்பில் திறக்க முடியாத பிஎஸ்டி கோப்புகள். நிறுத்துவதும் லேசில்லை. மாதாமாதம் கட்டுவது என்று நினைத்து ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டு, பாதியில் விலகினால் மிச்சத் தொகையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் விதியை அடோபி மறைத்து வைத்திருந்தது என்று அமெரிக்க அரசே 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தது. ஆகவே நம் ஸ்டூடியோக்காரர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தயக்கம் அவரைக் கிராக்குக்குக் கொண்டுபோய் விட வேண்டியதில்லை என்பதே என் வாதம். 2002இல் எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இன்று வழி இல்லை என்று யாராவது சொன்னால் அது சோம்பல்.

முதலில் கிராக்கின் உண்மை விலையைப் பார்த்துவிடுவோம். நம் நகரத்திலேயே ஒரு ஸ்டூடியோ. வைகாசி மாதம், கைநிறைய ஆர்டர். ஏ.ஐ. வசதிகள் உள்ள புதுப் பதிப்பு வேண்டும் என்று நெட்டில் தேடி இறக்கினார்கள். இறக்கிய கோப்போடு வந்த குறிப்பில் முதல் வரியே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது. வீட்டுப் பூட்டை நாமே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுத் திருடனை உள்ளே கூப்பிடுகிற கதை. மறுநாள் காலையில் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்து வால் முளைத்திருந்தது. ஒன்றுகூடத் திறக்கவில்லை. டாலரில் காசு கேட்டு ஒரு கடிதம் மட்டும் திறந்தது. இரண்டு கல்யாணம், ஒரு சீர். மெமரி கார்டுகளை அதற்குள் அழித்து வேறு வேலைக்கு அனுப்பியாகிவிட்டது. தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியுமா? ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவூ’ என்றும் அழைக்கப்படும் பணயத் தீம்பொருள் குடும்பம் உலகெங்கும் பரவியதே பெரும்பாலும் இப்படிக் கிராக், கீஜென் கோப்புகளின் முதுகில் ஏறித்தான். அந்த ஸ்டூடியோ திருப்பிக் கொடுத்த தொகைக்கு எத்தனை வருஷச் சந்தா கட்டியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. ‘லைஃப்டைம் போட்டோஷாப், 499 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பிலும் ஆன்லைன் கடைகளிலும் விற்கிறார்கள். காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம், சட்டப்படி சரிதானே என்று நம்பி வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தாவுக்கு மாறிய பிறகு அடோபி போட்டோஷாப்பில் ஆயுள் உரிமம் என்று ஒன்றை விற்பதே இல்லை. இல்லாத பொருளை விற்பவர் கையில் இருப்பது கிராக்காக இருக்கும், அல்லது ஏதோ ஒரு கல்லூரியின், கம்பெனியின் கணக்கிலிருந்து உருவிய இடமாக இருக்கும். 2013 ஜனவரியில் இதைவிட நல்ல கூத்து ஒன்று நடந்தது. பழைய சி.எஸ்.2 பதிப்பைச் சரிபார்க்கும் சர்வரை மூடிய அடோபி, அதை முன்பே வாங்கியவர்களுக்காகத் தன் தளத்தில் பொதுத் தொடர் எண்ணோடு இறக்கிக்கொள்ள வைத்தது. உலகம் முழுக்க ‘போட்டோஷாப் இலவசம்’ என்று செய்தி பரவி ஆளாளுக்கு இறக்கிக்கொண்டார்கள். வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று அடோபி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இன்றும் அந்தக் கதையை நம்புபவர்கள் இருக்கிறார்கள்.

சரி, நேர்வழி என்ன? போட்டோஷாப்பேதான் வேண்டும் என்பவருக்கு முகூர்த்தக் கணக்கு ஒன்று சொல்கிறேன். புரட்டாசியில் முட்டை விலை இறங்கும் என்று கணக்குப் பார்த்துக் கோழிப்பண்ணை நடத்தும் ஊர் இது. ஸ்டூடியோவுக்கும் ஆடி, புரட்டாசி, மார்கழி உண்டு. ஆண்டு ஒப்பந்தம் இல்லாமல் போட்டோஷாப்பை மட்டும் மாதம் பார்த்து எடுத்து, வேண்டாதபோது விட்டுவிடும் சந்தா இருக்கிறது. ஒரு மாதக் கணக்கில் கூடுதலாகத் தெரியும். தை, வைகாசி, ஆவணி என்று வேலை குவியும் மாதங்களுக்கு மட்டும் கட்டினால் மொத்தத்தில் எது லாபம் என்பதை அவரவர் ஆர்டர் நோட்டை வைத்துப் பார்க்கலாம். வருஷம் முழுக்க வேலை இருப்பவருக்கு லைட்ரூமும் போட்டோஷாப்பும் சேர்ந்த புகைப்படக்காரர் திட்டம் மலிவு. அதிலும் எல்லாவற்றிலும் குறைந்த விலைத் திட்டத்தை 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். வாடகைக்காரனின் நிலைமை எப்போதும் இதுதான். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஸ்டூடியோ, சந்தா பில்லில் உள்ள 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். கிராக்குக்கு எந்த ஆடிட்டரும் பில் காட்ட முடியாது.

காசே கொடுக்காமல் நேர்மையாக இருக்கவும் வழி இருக்கிறது. அதில் எனக்கு ஆர்வம் அதிகம்.

கேமராவிலிருந்தே தொடங்கலாம். கேனான் வைத்திருப்பவருக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கான்காரருக்கு என்.எக்ஸ். ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று ரா கோப்புகளைத் திருத்தும் மென்பொருளை அந்தந்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது. லட்ச ரூபாய்க் கேமராவோடு நமக்குச் சேர வேண்டிய பொருள் அது. நான் கேட்ட பத்துப் பேரில் ஒருவர்கூட நிறுவியதில்லை. எந்தக் கேமராவாக இருந்தாலும் சரி என்றால் டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இருக்கின்றன. மண்டபத்துச் சீரியல் விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளடித்துப்போன நூறு படங்களுக்கு ஒரே சமயத்தில் நிறம் சரிசெய்யும் வேலையை இவை செய்துவிடும்.

முகத்தில் கைவைக்கும் வேலைக்கு ஜிம்ப். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995இல் தொடங்கியது. ஜிம்ப் என்றதும் முகம் சுளிக்கும் ஸ்டூடியோக்காரர்கள் பத்து வருஷத்துக்கு முந்திய ஜிம்ப்பைப் பார்த்தவர்கள். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் படத்தில் கரைத்துவிடாமல் பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. ஹீலிங் பிரஷ் உண்டு. தோலின் நிறத்தை ஓர் அடுக்காகவும் துளை, முடி போன்ற நுணுக்கங்களை வேறு அடுக்குகளாகவும் பிரித்து வைத்து, நிற அடுக்கை மட்டும் மென்மையாக்கும் வித்தைக்கு ‘வேவ்லெட் டீகம்போஸ்’ என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. போட்டோஷாப்பில் இதற்கு ஆக்‌ஷன் வாங்கிப் போடுகிறோம். படத்தில் குறுக்கே நிற்கும் ஆளை எடுத்துவிட்டுப் பின்னணியால் நிரப்பும் வசதி 2010இல் போட்டோஷாப்பில் வந்தபோது உலகம் வாய்பிளந்தது. ஜிம்ப்பில் ‘ரீசிந்தசைசர்’ என்ற செருகுநிரல் அதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. விளம்பரம் செய்ய ஆளில்லை, அவ்வளவுதான்.

ஜிம்ப்பில் அச்சுக்குரிய சி.எம்.ஒய்.கே. நிற முறையில் நேரடியாக வேலை செய்ய முடியாதே என்பார்கள். உண்மை. ஏற்றுமதி செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம், அந்த முறையிலேயே உட்கார்ந்து திருத்த முடியாது. அச்சகத்துக்குப் புத்தகம் செய்பவருக்கு இது குறைதான். கல்யாண ஆல்பத்துக்கு? பெரும்பாலான லேப்கள் கேட்பது எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்தில் ஜேபெக். பாஸ்போர்ட் படத்துக்கும் அதுவே. போட்டோஷாப் இல்லாமல் முடியாது என்பதற்குச் சொல்லும் காரணங்களில் பாதி, சொல்பவரின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாதவை.

மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது. ஆல்பம் டிசைன்கள் எல்லாம் பிஎஸ்டியில் இருக்கின்றன. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு தாளில் மயில், மாலை, பட்டுத்துணி என்று அடுக்கடுக்காக வைத்த கோப்பைத் திறந்து, மணமக்கள் படத்தைப் பொருத்தி, இரவோடிரவாக நாற்பது பக்கம் முடிப்பதுதான் ஸ்டூடியோ பிழைப்பு. ஜிம்ப் பிஎஸ்டியைத் திறக்கும், ஆனால் சில அடுக்குகள் தட்டையாகிவிடும். இந்த இடத்தில்தான் ஃபோட்டோபீ உதவுகிறது. இவான் குட்ஸ்கிர் என்ற தனி மனிதர் 2013 முதல் கட்டிவரும் இணையத்தளம் இது. குரோமில் திறந்தால் அச்சு அசல் போட்டோஷாப் போலவே இருக்கும். ஓரத்தில் விளம்பரம் ஓடும், விலை கிடையாது. திறக்கும் படம் எந்தச் சர்வருக்கும் போவதில்லை, நம் கணினியிலேயே வேலை நடக்கிறது. மெதுவான நெட் உள்ள ஊரிலும் பக்கம் ஒருமுறை திறந்துவிட்டால் போதும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய செய்தி 2025 அக்டோபர் கடைசியில் வந்தது. இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் போட்டோஷாப்புக்குப் போட்டியாக உருவாக்கி, சந்தா இல்லாமல் ஒரே விலைக்கு விற்றுவந்த அஃபினிட்டியை 2024இல் கான்வா வாங்கியது. இப்போது படத்திருத்தம், வரைகலை, பக்க வடிவமைப்பு மூன்றையும் ஒன்றாக்கி, கான்வா கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டது. ஏ.ஐ. வசதிகளுக்குத்தான் காசு. அது பிஎஸ்டியைத் திறக்கும், சி.எம்.ஒய்.கே. உண்டு. ஒரு ஸ்டூடியோ நாளைக் காலையிலேயே கிராக்கை அழித்துவிட்டு மாற வேண்டுமென்றால் நான் காட்டும் முதல் வாசல் இதுதான்.

முழு நம்பிக்கை வைக்க மட்டும் மாட்டேன். நிக் கலெக்‌ஷன் என்ற அருமையான ஃபில்டர் தொகுப்பை 2012இல் கூகுள் வாங்கியது, 2016இல் இலவசமாக்கியது, 2017இல் வேறு நிறுவனத்துக்கு விற்றது. புதிய பதிப்புகளுக்கு மறுபடி விலை வந்துவிட்டது. நிறுவனம் தரும் இலவசம் அதன் மனம் மாறும்வரைதான். ஜிம்ப் வேறு வகை. அதன் உரிமம் ஜி.பி.எல். யார் நினைத்தாலும், எழுதியவர்களே நினைத்தாலும், உங்கள் கையில் இருக்கும் பிரதியைத் திரும்பப் பிடுங்க முடியாது. டியூ இல்லாத, பேப்பர் சரியாக உள்ள வண்டி என்றால் எனக்குத் தெரிந்து அதுதான். ஆகவே அஃபினிட்டியில் ஆல்பம் போடுங்கள், ஜிம்ப்பையும் கைப்பழக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஃபான்ட் விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. கொஞ்சமாவது சொல்லாமல் விட முடியவில்லை. போட்டோஷாப் 7க்கு யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டத் தெரியாது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறிப்போய் நிற்கும். அதனால்தான் ஃபிளெக்ஸ் போர்டு உலகம் பழைய குறியாக்க ஃபான்ட்டுகளிலேயே தங்கிவிட்டது. செல்போனில் வாடிக்கையாளர் தமிழில் அனுப்பும் வாசகத்தை அப்படியே ஒட்ட முடியாமல் டிசைனர் மறுபடி அடிக்கிறார். ‘பூப்புனித’ ‘புப்புனித’ ஆவதும் ‘கண்ணீர்’ ‘கண்ணிர்’ ஆவதும் அங்கேதான். ஜிம்ப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். நல்ல ஃபான்ட்டுகளும் சும்மா கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மருதம், முல்லை முதலானவை, கூகுள் தொகுப்பில் உள்ள முக்தா மலர், பாலு தம்பி, இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார், பவனம். வியாபாரத்துக்கும் தடையில்லாத உரிமம் கூகுள் தொகுப்பில் இருப்பவற்றுக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகையில் பாலு தம்பியைப் போட்டுப் பாருங்கள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கும்.

இவ்வளவும் இருந்தும் ஏன் யாரும் மாறுவதில்லை? கற்றுக்கொடுத்தது வேறு என்பதால். தமிழ்நாட்டுப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 2019இல் புதிதாக எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில் அடோபி பேஜ்மேக்கருக்கு ஒரு முழுப் பாடம் இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த மென்பொருள் செத்த பிறகு பிறந்தவர்கள். வீட்டில் செய்து பார்க்க விரும்பும் ராசிபுரத்துப் பெண்ணோ பரமத்தி வேலூர்ப் பையனோ அதை எந்தக் கடையில் வாங்குவது? சிடிக்காரரிடம்தான் போக வேண்டும். அரசே கைபிடித்து அந்தக் கடைக்குக் கூட்டிப்போகிறது என்று சொன்னால் கோபப்படக்கூடாது.

எல்லை தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறி நெடுங்காலமாயிற்று. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை ஜிம்ப்பில் படம் திருத்துவதும் இங்க்ஸ்கேப்பில் வரைவதும் பாடத்திட்டத்திலேயே வருகிறது. நமக்கு அந்த வழி தெரியாமல் இல்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்த காலத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் கைக்கு வந்த பிறகு அதைத் திறந்து காட்டுவதற்கு வகுப்பறையில் ஆள் இல்லை. கணினி கொடுத்தோம், பாடத்தை மாற்றவில்லை. அடுத்த முறை புத்தகம் திருத்தும்போது பேஜ்மேக்கர் இருக்கும் இடத்தில் ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் மூன்றில் ஏதாவது ஒன்று வரட்டும். செலவு அச்சடிக்கும் மை மட்டும்தான். தாலுகாதோறும் போட்டோ, வீடியோகிராபர் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டுக் கூட்டத்தில் புது லென்ஸ் விளக்கத்துக்கு ஆள் வரவழைப்பவர்கள், ஆடி மாதத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை ஜிம்ப் வகுப்பு வைக்கலாம். கணியம் அறக்கட்டளைக்காரர்கள் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள், படிக்கத்தான் ஆள் வேண்டும்.

மாறுவது வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். போன ஆடியில் மோகனூர் ரோட்டில் நண்பர் ஸ்டூடியோவில் ஒரு கணினியை மட்டும் மாற்றினோம். டிசைனராக இருக்கும் பெண்ணுக்கு ஒன்பது வருஷ போட்டோஷாப் பழக்கம். “கை தானா பழைய ஷார்ட்கட்டுக்கே போகுதுங்கண்ணா” என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். ஜிம்ப்பைப் போட்டோஷாப்பின் அமைப்புக்கே மாற்றிக் காட்டும் ஃபோட்டோஜிம்ப் என்ற இலவசத் தொகுப்பைப் போட்டுக் கொடுத்த பிறகு புலம்பல் குறைந்தது. ஆக்‌ஷன்கள் ஓடவில்லை, அது இன்னும் குறைதான். முகூர்த்த மாதங்களுக்கு இன்னொரு கணினியில் மாதச் சந்தா போட்டோஷாப் ஓடட்டும் என்று நண்பர் முடிவு செய்தார்.

அந்த ஆடியில் ஒரு பெரியம்மா, நாலாக மடித்துக் கிழிந்துபோன தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். ஜிம்ப்பில் போட்ட முதல் வேலை அது. மடிப்பும் கறையும் போய் முகம் பளிச்சென்று வந்தது. பிரிண்ட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர், “எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு, எங்கம்மா போட்டுவிட்ட மூக்குத்தியைக் காணோமே” என்றார். ஹீலிங் பிரஷ் அதையும் ஒரு பரு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறது. டிசைனர் மறுபடி கோப்பைத் திறந்து, கீழ் அடுக்கிலிருந்து அதை எடுத்து வைத்தார்.